உதிரப்பட்டி எங்கே?

(பத்தாங் காலியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பண்டைக்கால மக்கள் அரசனுக்கும் தெய்வத்துக்கும் காட்டிய விசுவாசம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நம் மேடைகளில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். அரசனுக்காகத் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தவன் தமிழன் என்பார்கள். விசுவாசம் நம் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நாம் கை தட்டுவோம். பேசியவர் அப்படியே திரும்பி, நடுநாற்காலியில் இருக்கும் தலைவருக்கு ஆளுயர மாலையைப் போட்டு, "அந்த விசுவாசத்தை இவருக்குக் காட்டுங்கள்" என்பார். அதற்கும் கை தட்டுவோம்.

அந்தப் பேச்சு பாதிப் பேச்சு. குடிமக்கள் கொடுத்ததைச் சொல்லி, அரசன் கொடுத்ததை மறைக்கிற பேச்சு. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தலை கொடுத்த கதை பொய்யா? இல்லை. தமிழ்நாட்டில் பழைய கோயில் வாசல்களில் நவகண்டச் சிற்பங்களைப் பார்க்கலாம். ஒருவன் நிமிர்ந்து நிற்பான். ஒரு கையால் தன் குடுமியைப் பிடித்திருப்பான். மறு கையில் வாள், அதைத் தன் கழுத்திலேயே வைத்திருப்பான். முகத்தில் வலி இருக்காது. நெல்லூர்ப் பக்கம் மல்லம் என்ற ஊரில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, உடம்பில் ஒன்பது இடத்தில் சதையை அரிந்து, கடைசியில் தலையையும் பிடாரிக்குக் கொடுத்த ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. சோழர்களிடம் வேளைக்காரப் படை இருந்தது. பாண்டியர்களிடம் ஆபத்துதவிகள் இருந்தார்கள். அரசனுக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால் தாமும் உயிரோடு இருப்பதில்லை என்று சபதம் செய்தவர்கள் அவர்கள். பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, அரசன் இறந்தால் அவனுடைய மெய்க்காவலர் அவனை எரிக்கும் தீயிலேயே விழுந்து சாவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

எல்லாம் உண்மை. ஆனால் கல்வெட்டை வாசிக்கிறவன் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். போரிலோ ஊரைக் காப்பதிலோ ரத்தம் சிந்திச் செத்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். செத்தவனின் பிள்ளைகள் அதை உழுது சாப்பிடலாம். கொடுத்ததைக் கல்லில் வெட்டி, ஊர் பார்க்க நிறுத்தினார்கள். பின்னால் வருகிற எந்த அதிகாரியும் "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட முடியாதபடி நிறுத்தினார்கள்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் பாட்டனும் பாட்டியும் இந்த மலாயா மண்ணுக்கு வந்தபோது இங்கே காடு இருந்தது. காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், ரப்பர் நட்டார்கள். மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றார்கள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார்கள், வாளி சுமந்தார்கள். மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தோட்டம் கைமாறிய அன்று, குடியிருந்த லயத்தைக் காலி செய் என்று கடிதம் வந்தது. அந்த உழைப்புக்கு உதிரப்பட்டி எங்கே? விசுவாசம் நம் பரம்பரைச் சொத்து என்று மேடையில் முழங்குகிறவர்கள், உதிரப்பட்டியும் நம் பரம்பரைச் சொத்துதான் என்று ஒருநாளாவது முழங்கியிருக்கிறார்களா?

பிசிராந்தையார் கதை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரில் இருந்தவர். உறையூர்க் கோப்பெருஞ்சோழனை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெற்ற மக்களோடு பகைத்த சோழன் வடக்கிருந்து உயிர்விட உட்கார்ந்தபோது, பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னான். ஆந்தையார் வருவார் என்றான். வந்தார். உட்கார்ந்தார். கூடவே உயிர்விட்டார். இதைச் சொல்லாத பேச்சாளர் இல்லை.

அதே ஆந்தையார் தம் சொந்த அரசனிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? பாண்டியன் அறிவுடைநம்பி அவருடைய நாட்டு அரசன். அவனுடைய அதிகாரிகள் வரி என்ற பெயரில் குடிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள். இவர் நேரே போனார். சிறிய வயல்தான் என்றாலும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால் பல நாளுக்கு வரும், யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிட மிதித்து அழிப்பதுதான் அதிகம், நீயும் அப்படி இறங்காதே என்றார். அரசன் முகத்துக்கு நேரே சொன்னார். அது புறநானூற்றில் 184ஆம் பாட்டாக இன்றும் இருக்கிறது. உயிரையே கொடுக்கிற அன்பும் அரசனைத் தட்டிக்கேட்கிற துணிவும் ஒரே நெஞ்சில் இருந்தன. தட்டிக்கேட்டதால் அவரைத் துரோகி என்று யாரும் சொல்லவில்லை. இன்று கிளைக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கிற இளைஞனை என்னவென்று சொல்கிறோம்? "கட்சி விசுவாசம் இல்லாதவன்" என்கிறோம்.

வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் போய்ப் பழைய வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்து வாங்கினார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் இந்த உலகம் அரசனைத்தான் பழிக்கும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னார். மோசிகீரனார் களைப்பில் முரசு கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். முரசு தெய்வத்துக்குச் சமம், அந்தக் கட்டிலில் ஏறியவனுக்குத் தண்டனை சாவு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை உருவவில்லை, விசிறியை எடுத்து அவருக்கு வீசினான். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பண்டைத் தமிழகத்தில் அரசனும் பணிந்தான்.

எல்லா அரசனும் அப்படியா? இல்லவே இல்லை. ஊரை எரித்தவன், நீர்நிலையை உடைத்தவன், தோற்றவன் வயலில் கழுதை ஏர் பூட்டியவன் எல்லாம் நம் இலக்கியத்தில் உண்டு. பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்திலும் கேள்வி இருந்தது, கடமை இரண்டு பக்கமும் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு ஒரு நடுகல் கிடைத்தது. தமிழ்-பிராமி எழுத்து. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய நடுகற்களில் ஒன்று. கூடலூரில் நடந்த மாட்டுப் பூசலில் செத்த அந்தவன் என்பவனுடைய கல். அதில் எந்த அரசனுடைய பெயரும் இல்லை. செத்தவன் பெயர், ஊர், என்ன சண்டை, அவ்வளவுதான். பல நூற்றாண்டு கழித்துச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் அரசன் பெயரும் அவனுடைய ஆட்சியாண்டும் வரும், அதற்குப் பிறகுதான் செத்தவன் வருவான். செத்தவனுடைய கல்லிலேயே அரசனுக்கு முதல் மரியாதை. இன்று நம் திறப்புவிழாக் கல்வெட்டுகளில் யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, மண் சுமந்து கட்டியவர் பெயர் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துக்கொண்டு போங்கள்.

நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறேன். பலெம்பாங்கில் தெலாகா பத்து என்ற கல் கிடைத்தது. இப்போது ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்ரீவிஜய அரசு 7ஆம் நூற்றாண்டில் வெட்டியது. மொழி பழைய மலாய், எழுத்து நம் காஞ்சியிலிருந்து போன பல்லவ எழுத்து. கல்லின் உச்சியில் ஏழு நாகத் தலைகள் படமெடுத்து நிற்கும். அடியில் நீர் வழிந்து விழ ஒரு மூக்கு இருக்கும். மேலே தண்ணீரை ஊற்றினால் அது சாப எழுத்துகளின் மேலெல்லாம் ஓடி, கீழே வந்து விழும். அதைப் பிடித்துக் குடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். யார் யார் குடிக்க வேண்டும் என்ற பட்டியலும் கல்லிலேயே இருக்கிறது. இளவரசர், படைத்தலைவர், நீதிபதி, கணக்கு எழுதுகிற கிராணி, சிற்பி, கப்பல் தலைவன், வணிகன், அரசனுக்குத் துணி வெளுப்பவன், அரண்மனை அடிமைவரை. துரோகம் செய்தால் குடித்த சாபம் உன்னைக் கொல்லும், பெண்டாட்டி பிள்ளைகளோடு தண்டிக்கப்படுவாய்.

இளவரசனில் தொடங்கி வண்ணான்வரை ஓர் அரசன் சந்தேகப்படுகிறான் என்றால், அந்த அரசு பயத்தில் நிற்கிறது என்று பொருள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்தபோது ஸ்ரீவிஜய மன்னனே சிறைப்பட்டான். குடித்த தண்ணீர் யாரையும் காப்பாற்றவில்லை.

மேற்கே இதைவிடப் பழைய கதை உண்டு. கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசர்ஹத்தோன் தன் மகன் அசுர்பனிபாலுக்கு விசுவாசமாக இருப்போம் என்று அடங்கிய நாட்டுத் தலைவர்களையெல்லாம் சத்தியம் செய்ய வைத்தான். தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்து, களிமண் பலகையில் பத்திபத்தியாகச் சாபங்களை எழுதினான். அப்படிச் சத்தியம் செய்தவர்களில் மேதியர் தலைவர்களும் உண்டு. கி.மு. 612இல், சரியாக 60 ஆண்டில், நினிவே நகரத்தை அடித்து நொறுக்கிய படையில் அந்த மேதியர்களே நின்றார்கள். ரோமப் பேரரசன் தேசியஸ் கி.பி. 250 வாக்கில் குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் இன்றும் கிடைக்கின்றன. அவன் அடுத்த ஆண்டே போர்க்களத்தில் மாண்டான். பயமுறுத்தி வாங்கிய விசுவாசத்தின் ஆயுள் எவ்வளவு என்று இவற்றிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

மலாய் மக்களின் பெருநூலான செஜாரா மெலாயு வேறொரு கதை சொல்கிறது. தெமாங் லேபார் டாவுன் குடிகளின் சார்பில், அரச வம்சத்தின் மூதாதையோடு ஓர் உடன்படிக்கை செய்கிறார். குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யமாட்டார்கள். அரசன் குடிகளை அவமானப்படுத்தமாட்டான், எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் இழிசொல் பேசமாட்டான். எந்தப் பக்கம் வாக்கு மீறினாலும் இறைவன் அவன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்ப்பான். அரசனையும் கட்டுகிற சத்தியம் அது. தமிழ் மண்ணிலும் மலாய் மண்ணிலும் பெரியவர்கள் எந்த முடிவுக்கு வந்தார்கள் என்று பார்த்தீர்களா?

சரி, தெய்வம்? தெய்வத்திடமாவது நம் மக்கள் வாய்பொத்தி நின்றார்களா? தெய்வத்தை நம்பியவர்கள் அரசனிடம்கூட அப்படி நிற்கவில்லை. பல்லவ மன்னன் கூப்பிட்டபோது அப்பர் பெருமான் வர மறுத்தார். சுண்ணாம்புக் காளவாயில் போட்டான், கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினான், அவர் அசையவில்லை என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது, அவருடைய குரு திருமழிசையாழ்வார் பெருமாளையே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார். பெருமாளும் கிளம்பினார். அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் திரும்பினார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று அந்தக் கோயிலில் இன்றும் அவரைக் கும்பிடுகிறார்கள். அடியாருக்கு விசுவாசமாக இருந்த தெய்வம் அது.

புராணம் வேண்டாம், நம் தோட்டத்துக் கோடிக்கு வாருங்கள். செம்பனைக்கு நடுவே ஒரு மேடை. நட்டு வைத்த அரிவாள். ஒரு குதிரை. வாயில் சுருட்டு வைத்து, சாராயம் படைத்து, கிடா வெட்டி யாரைக் கும்பிடுகிறோம்? மதுரை வீரனை. அவர் யார்? திருமலை நாயக்கருக்குச் சேவகம் செய்தவர். கள்ளர் பயத்தை அடக்கிக் கொடுத்தவர். அதற்குக் கிடைத்த கூலி மாறுகால் மாறுகை. அவர் மேல் வந்த சந்தேகத்துக்கு விசாரணையே இல்லாமல் கையையும் காலையும் வெட்டிப்போட்டார்கள். நாயக்கர் கட்டிய மகால் மதுரையில் நிற்கிறது. ஆனால் கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் மூட்டையோடு யாரைச் சுமந்து வந்தார்கள்? வெட்டியவரையா? வெட்டுப்பட்டவரை! காத்தவராயனும் அப்படித்தான், கழுமரத்தில் ஏற்றப்பட்டவர். படிப்பறிவு இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட அந்த ஏழைகள், அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவன்தான் நமக்குக் காவல் தெய்வம் என்று தீர்ப்பெழுதியிருக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடப் பெரிய நீதியைச் சொன்னதில்லை.

அந்த வீரனின் சந்நிதியில் இன்று என்ன நடக்கிறது? திருவிழாவுக்கு அரசியல்வாதி வருகிறார். பூரண கும்பம், நாதசுரம். சாமிக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை அவர் தலையில் கட்டுகிறோம். அவர் தாமதமாக வந்தால் தீபாராதனை காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் தேர் துரை பங்களா வாசலில் போய் நின்றது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று நாம் அடிமைகள், வேறு வழியில்லை. இன்று யார் நம்மைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?

கட்டாயப்படுத்தியபோதே எதிர்த்தவர்கள் நம் ஆட்கள். 1941ஆம் ஆண்டு இதே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ஆர்.எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு கேட்டார்கள், சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், பெண்களிடம் கைவைக்காதே என்றார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்றை இளைஞர்கள் மறக்கவே கூடாது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்! அரைவயிற்றுக் கஞ்சிக்குப் போராடியவர்கள், சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பதையும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே எழுதினார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படையை இறக்கிச் சுட்டார்கள். ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களால்தான் இன்று நாம் யாருக்கும் இறங்காமல் சைக்கிளில் போகிறோம், மோட்டாரில் போகிறோம். மேடை ஏறியதும் தலைவர் காலில் விழுகிறோமே, அது அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

அதே ஆண்டின் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். அவனுக்கு அரசனும் தெய்வமும் ஒன்றே. தோக்கியோ இருக்கும் திசை பார்த்துக் குனியச் சொன்னான். குனிந்தவர்களையும் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனான். ஆயிரமாயிரம் தமிழர்கள் அங்கேயே புதைந்தார்கள். 1946 ஜனவரி முதல் நாள், அதே ஜப்பானியப் பேரரசர் தாம் தெய்வமில்லை என்று தம் மக்களுக்கு அறிவித்தார். சயாமில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்த ஊரின் பெயரை உலகம் எதனால் அறியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1948 டிசம்பர் 12. சுங்கை ரெமோக் தோட்டம். பிரிட்டிஷ் அரசனின் காவற்படை என்ற பெருமையுள்ள ஸ்காட்ஸ் கார்ட்ஸ் சிப்பாய்கள், ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அரசனுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்தவர்கள் அந்தச் சிப்பாய்கள். 1970 வாக்கில் அவர்களில் சிலர் மனசாட்சி பொறுக்காமல், அது படுகொலைதான் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள். தொடங்கிய விசாரணையை அவர்கள் நாட்டு அரசாங்கம் நிறுத்திவிட்டது. 2015 நவம்பரில் அவர்களுடைய உச்சநீதிமன்றமும் விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது. பால்மரத்தை நம்பிப் பிழைத்த அந்தச் சீனக் குடும்பங்களின் துக்கம் நம் துக்கமும்தான். கேள்வி கேட்காத விசுவாசம் கையில் துப்பாக்கியோடு வந்தால் என்ன செய்யும் என்பதற்கு இந்த மண்ணே சாட்சி.

நம் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்கிறார்கள். 1970இல் பிரகடனம் செய்தது. முதலில் இறைநம்பிக்கை, இரண்டாவது பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம். நம் மேடைப் பேச்சாளர்கள் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவது அரசியலமைப்புச் சட்டம். நான்காவது சட்டத்தின் ஆட்சி. நம் மாட்சிமை தங்கிய பேரரசரே பதவியேற்கும்போது, சட்டப்படி நீதியாக ஆட்சி செய்வேன் என்று இறைவன் பெயரால் சத்தியம் செய்கிறார். நாட்டின் பேரரசரே சத்தியத்துக்குக் கட்டுப்படும்போது, கிளைத் தலைவரும் சட்டமன்ற உறுப்பினரும் ஆலயத் தலைவரும் நமக்கு எந்த வாக்கும் கொடுக்காமல் நம் விசுவாசத்தை மட்டும் எப்படி வாங்கிக்கொண்டு போகலாம்?

அதனால் உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அடுத்த ஆலயப் பொதுக்கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள், சந்தா கட்டிவிட்டு வாருங்கள். பரிவட்டம் சாமிக்கும், அந்த ஆலயத்துக்கு உழைத்த மூத்த தொழிலாளிகளுக்கும் மட்டுமே என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள், பட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். லயத்தைக் காலி செய்தபோது கொடுத்த வீட்டு வாக்குறுதியின் கடிதம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதை எடுத்து வையுங்கள். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், முதலில் அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாலைக்கு வசூலிக்கும் பணத்தைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்.

தீர்மானத்தை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் இருந்தால் போதும். தம்பிகளே, தங்கைகளே, அந்த இரண்டு பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். எழுந்து பெயரைக் கொடுங்கள்.